நூற்றியோராம் நம்பரில் மூன்றாவது ஆள்

ஒரகடம் பக்கத்து ஃபேக்டரிகளில் பாம்புக்கு யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை. மழை விட்டால் கேபிள் பள்ளத்திலிருந்து ஒன்று தலை நீட்டும். ஹவுஸ்கீப்பிங் ஆள் ஒரு குச்சியோடு வருவார், தள்ளிவிடுவார், போய்விடுவார். ஆனால் அதே ஆள் முன்னால் நின்று "லைன் ஸ்டாப்" என்று சொல்லிப் பாருங்கள். குச்சியைப் போட்டுவிட்டு ஓடுவார். அவருக்கு முன்னால் நான் ஓடியிருப்பேன்.

நாங்கள் செய்வது பிரேக் பெடல். கார் ஓட்டும்போது வலது கால் தேடுகிறதே, அந்த இரும்புக் கட்டை. அதிலுள்ள ஒவ்வொரு போல்ட்டும் எவ்வளவு இறுக்கமாக முடுக்கப்பட்டது என்பதை முடுக்கிய கருவியே எங்கள் சர்வருக்குச் சொல்லும். சர்வர் சரி என்றால் லேபிள் அடிக்கும். லேபிள் இல்லாத பெடல் லாரியில் ஏறாது. லாரி கிளம்பாவிட்டால், கொஞ்ச தூரத்தில் இருக்கும் கார் ஃபேக்டரியில் எல்லாம் பூட்டிய ஒரு கார் பெடலுக்காக வந்து நிற்கும். அவர்கள் கையிருப்பு வைத்துக்கொள்வதில்லை. எங்கள் லாரிதான் அவர்களுக்குக் குடோன். அந்தக் கார் நின்றால் அதன் பின்னால் வரும் காரும் நிற்கும். பிறகு போன் அடிக்க ஆரம்பிக்கும்.

அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் நான். விசிட்டிங் கார்டில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று நீளமாகப் போட்டிருக்கும். லைனில் என்னைக் கம்ப்யூட்டர்காரர் என்பார்கள். மவுஸ் நகரவில்லை என்றாலும் கூப்பிடுவார்கள், மின்விசிறி சுற்றவில்லை என்றாலும் கூப்பிடுவார்கள். பென்னலூரில் வீடு, பத்தாவது படிக்கும் ஒரு மகள், நாற்பதைத் தாண்டிய தொப்பை. இந்த வயதில் வேலை போனால் இன்னொரு இடத்தில் இன்டர்வியூவுக்குப் போய், என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பையன் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பான். அதை நினைத்தாலே எனக்கு வியர்க்கும். நினைக்காத நாள் கிடையாது.

சர்வர் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வேலை செய்யும், மற்றொன்று பக்கத்தில் சும்மா உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கும். அரசு அலுவலகம் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. லைனிலுள்ள கருவிகளுக்கு இரண்டு சர்வர் இருப்பது தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி. அண்ணன் தம்பி இருவர் ஒரே சிம் கார்டு வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் படுத்துவிட்டால் தம்பி அந்தச் சிம்மைத் தன் போனில் போட்டுக்கொண்டு "ஹலோ" என்பான். கூப்பிட்டவனுக்கு வித்தியாசமே தெரியக் கூடாது. அந்தச் சிம்முக்குத்தான் விர்ச்சுவல் ஐபி என்று பெயர். சுருக்கி விஐபி என்போம். "விஐபி இந்தப் பக்கம் வரவே இல்ல சார்" என்று நான் போனில் கத்தியதைக் கேட்டு, செக்யூரிட்டிக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெயின் கேட்டில் போய் விறைப்பாக நின்றதும் நடந்திருக்கிறது.

எங்கள் விஐபியின் முகவரி நூற்றியொன்றில் முடியும்.

பிரச்சினை ஆரம்பித்தது கஸ்டமர் தரப்பிலிருந்து இரண்டு பேர் பார்வையிட வந்த நாளில். ஒரு சர்வர் செத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் என்கிறீர்களே, காட்டுங்கள் என்றார்கள். லைன் ஓடும்போது அதையெல்லாம் செய்ய விட மாட்டார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில், லைன் காலியாக இருக்கும்போது காட்டச் சொன்னார்கள். நான் மேஜிக் செய்பவனைப் போலச் சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். மடித்ததோடு நிறுத்தியிருக்கலாம். லைனில் ஆள் நின்று போல்ட் முடுக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனின் மேலும் இருக்கும் விளக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பானது. கேபிளை மறுபடி செருகியும் சில ஸ்டேஷன்கள் பச்சைக்குத் திரும்பவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்த ஆட்கள் கை துடைத்துக்கொண்டு நின்று என்னை வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு லாரி தாமதமாகப் போனது. கார் ஃபேக்டரி லைன் நிற்கவில்லை. ஆனால் நிற்பதற்கு எவ்வளவு நெருக்கத்தில் போனது என்று டிரைவர் திரும்பி வந்து சொன்னபோது நான் டாய்லெட்டில் இருந்தேன். அங்கேயே இருந்தேன் கொஞ்ச நேரம்.

எங்கள் ஐடி மேனேஜர் கெட்டவர் அல்ல. ஒவ்வொரு விரலிலும் ஒரு கல் மோதிரம் போட்டிருப்பார். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், மோதிரத்தைத் திருகுவார். அன்று அவர் கேபினில் நடுவிரல் மோதிரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அடுத்த மாசம் பெரிய ஆடிட். புது மாடல் பெடல் நமக்கா, இல்லையான்னு அன்னிக்குத்தான் தெரியும். அன்னிக்கும் இதே மாதிரி செவந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. நீயே பேப்பர் போட்டுட்டுப் போயிடு. போடுன்னு என்னச் சொல்ல வெச்சுடாத."

ராஜினாமா எழுதிக் கொடு என்று திட்டியிருந்தால் தேவலை. 'ப்பா' போட்டுச் சொன்னதுதான் பயமுறுத்தியது.

வீட்டில் சொல்லவில்லை. பயம் வந்தால் சிலர் இளைத்துப்போவார்கள், முகத்தைப் பார்த்தே மனைவி கண்டுபிடித்துவிடுவாள். எனக்குப் பயம் வந்தால் பசிக்கும். நான் இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்டதைப் பார்த்து, வேலை நன்றாகப் போகிறது போலிருக்கிறது என்று அவள் அண்ணனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ரசத்தைக் குடித்துக்கொண்டே கேட்டேன்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிறும் ஃபேக்டரிக்குப் போனேன். ஆடிட்டுக்கு முன் ஒத்திகை. லைன் ஓடாது, கூட்டம் இருக்காது. ஸ்டேஷன்களைப் போட்டுக் காட்ட ஒருவர் மட்டும் வேண்டும். ஓவர்டைமுக்கு வந்தவர் எங்கள் லைன் சூப்பர்வைசர், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்து வந்து ஒரகடத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறார். எல்லோரையும் அண்ணாச்சி என்பார். அவர் ஊரில் அது மரியாதை. எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். அவர் என்னை அண்ணாச்சி என்று லைனில் கூப்பிடும்போதெல்லாம் பக்கத்து ஆள் கால் கிலோ துவரம் பருப்பு கேட்பான்.

ஞாயிறு ஒத்திகையில் எல்லாம் பச்சை. கேபிளைப் பிடுங்கினேன், பச்சை. செருகினேன், பச்சை. இரண்டாவது சர்வரைப் பிடுங்கினேன், முதலாவது பவ்வியமாக எடுத்துக்கொண்டது. எத்தனை முறை செய்தாலும் ஒரு விளக்குகூடச் சிவக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன் நான். எனக்கோ ஒவ்வொரு பச்சைக்கும் பயம் ஏறியது. எப்போதும் கடிக்கிற நாயைச் சங்கிலி போட்டுக் கட்டலாம். ஞாயிற்றுக்கிழமை வாலாட்டிவிட்டு ஆடிட் அன்று கடிக்கிற நாயை என்ன செய்வது? எங்கே கட்டுவது?

சர்வர்கள் தாமாக எழுதிவைக்கும் பதிவுகளை வரி வரியாகப் படித்தேன். இரண்டாவது சர்வர் "முகவரியை எடுத்துக்கொண்டேன், எல்லோருக்கும் அறிவித்துவிட்டேன்" என்று ஒழுங்காகவே எழுதியிருந்தது, சிவந்த அன்றும்கூட. அண்ணனிடம் சிம் இல்லை. தம்பி சிம்மைப் போட்டு ஹலோ ஹலோ என்று கத்தியிருக்கிறான். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

இன்னொரு ஞாயிறு, எல்லாம் பச்சையாகி நான் தரையில் உட்கார்ந்திருந்தபோது சூப்பர்வைசர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ஆளில்லாத நாளு நல்லாத்தான் செய்யுது அண்ணாச்சி. நாலு பேரு பாக்கையிலதான் உங்க மிசினுக்குக் கூச்சம் வருது போல."

என் பயத்துக்கு அவர் போட்ட கிண்டல் அது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்தக் 'கூச்சம்' ஹெல்மெட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஆட்கள் இருக்கும் நாளில், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். ஞாயிற்றுக்கிழமையில் அந்த நேரம் வெறும் நேரம். அப்படியானால் வேலை நாளில், அதே இடைவேளையில் இன்னொரு முறை பிடுங்கிப் பார்க்க வேண்டும். பார்க்கப் பயம். பார்க்காமல் ஆடிட்டுக்குப் போக அதைவிடப் பயம்.

புரொடக்‌ஷன்காரர்களிடம் அனுமதி கேட்கப் போனால், போன முறை எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்கே வகுப்பெடுத்தார்கள். சூப்பர்வைசர்தான் ஊடே புகுந்து, கடைசி இரண்டு ஸ்டேஷனை மட்டும் வைத்துப் பார்க்கட்டும், மற்றவற்றைப் பிரித்துவிடலாம் என்று பேசி வாங்கிக்கொடுத்தார்.

மதிய மணி அடித்தது. ஆட்கள் கேன்டீனுக்குப் போனார்கள். கேபிளைப் பிடுங்கினேன். இரண்டு ஸ்டேஷனும் சிவந்தன.

இந்த முறை நான் சர்வர் ரூமுக்கு ஓடவில்லை. சிவந்த ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து, அதனிடமே கேட்டேன்: நூற்றியொன்று என்றால் உனக்கு யார்? நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் பிறக்கும்போதே ஒரு அடையாள எண் உண்டு, உடம்பில் மச்சம் மாதிரி. முகவரியை மாற்றலாம், மச்சம் மாறாது. என் இரண்டு சர்வர்களின் மச்சமும் எனக்கு மனப்பாடம். என் மகள் பிறந்த நேரம் கேட்டால் மனைவியைப் பார்ப்பேன், இது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

திரையில் வந்தது அந்த இரண்டில் எதுவும் அல்ல.

இருப்பதே இரண்டு பேர். கதவைத் தட்டினால் மூன்றாவதாக ஒருவன் "நான்தான்" என்று பதில் சொல்கிறான். எங்கள் பெடல்களின் கணக்கெல்லாம் அந்த யாரோ ஒருவனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து யாரோ உள்ளே நுழைந்துவிட்டானா? அப்படியென்றால் பேப்பர் போடுவதோடு முடியாது, போலீஸ் வரும். என் சட்டையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றும்போது பென்னலூர் பஸ் ஸ்டாப்பில் யார் யார் நிற்பார்கள் என்பது வரைக்கும் என் மூளை போய்விட்டது.

"யாரு அண்ணாச்சி இது?" என்றார் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்த சூப்பர்வைசர்.

தெரியவில்லை என்றேன்.

அவனைத் துரத்துவதற்குள் இடைவேளை முடிந்தது. ஆட்கள் திரும்பி வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். ஸ்டேஷன்கள் தானாகவே பச்சைக்கு மாறின. திரும்பக் கேட்டேன். இப்போது நூற்றியொன்று என்றால் என்னுடைய இரண்டாவது சர்வர்தான். மூன்றாவது ஆள் இல்லை. வந்த சுவடே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் அவன் இருந்ததைவிட இல்லாமல் போனதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு மணிக்குக் காத்திருந்தேன். எந்தக் கேபிளையும் தொடவில்லை. ஸ்டேஷன்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டியிடம் அந்த மச்சத்தைக் கொடுத்து, இது எந்தத் துளை வழியாக வருகிறது என்று மட்டும் கேட்டேன். மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பெட்டி துளை எண்ணைச் சொன்னது. அந்தத் துளையிலிருந்து ஒரு நீலக் கேபிள். அது மேலே ஏறி, கூரையை ஒட்டிய தட்டில் படுத்து, கம்ப்ரசர் ரூமைத் தாண்டிப் போனது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். ஒரு தூணில் மோதினேன். சாப்பிடப் போய்க்கொண்டிருந்த வெல்டிங் ஆட்களில் ஒருவர் தூணுக்காகப் பரிதாபப்பட்டார். கேபிள் சுவரைத் துளைத்து வெளியே போய், பைக் ஸ்டாண்டுக் கூரை மேல் ஊர்ந்து, சாம்பார் வாசனை வரும் கட்டடத்துக்குள் நுழைந்தது.

கேன்டீன்.

வாசலில், ஆட்கள் முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போகும் மெஷின். யார் சாப்பிட்டார்கள் என்று அது குறித்துக்கொள்ளும். மேலே சந்தனம், குங்குமம். ஓரத்தில் பிளாஸ்டிக் மாலை. நீலக் கேபிள் அதன் முதுகில் முடிந்தது. அது ஒவ்வொரு முகத்துக்கும் "நன்றி" என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் போய் எதிரே நின்றேன். எனக்கும் நன்றி சொன்னது.

கேன்டீன் எடுத்து நடத்துபவர் வடக்குப்பட்டுக்காரர். கரண்டியோடு வெளியே வந்தார்.

"இன்னா சார், மேலயே பாத்துகினு வர்ற? ஒட்டட கிட்டட கீதா?"

இந்த மெஷினுக்கு நம்பர் போட்டது யார் என்று கேட்டேன். மாட்ட வந்த ஆள் ஒரு நம்பர் கேட்டானாம். ஐடியைக் கேட்டால் ஒரு வாரம் இழுப்பார்கள் என்று அவனே சொன்னானாம். அது அவதூறு என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

"நாந்தான் சார் குட்த்தேன். நல்ல நம்பரா நூத்தியொண்ணு போட்றான்னேன். மொய்யே மொட்டையா நூறுன்னு வெக்கமாட்டோம். இது சோறு போட்ற மெஷினு, மங்களமா வாணாவா?"

சாப்பாடு முடிந்ததும் இது காணாமல் போகிறதே, ஏன் அணைத்துவிடுகிறீர்கள் என்றேன்.

"பின்ன இன்னா சார், அது முன்னாடி நின்னு தல சீவிகினு கீறானுங்க. கண்ணாடின்னு நெனச்சிகினானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மொட்டை நூறு பேச்சை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். இரண்டு சர்வரும் வந்து இறங்கி, பூசணிக்காய் சுற்றிய அன்று, எங்கள் மேனேஜர் மோதிரக் கையால் என் தோளைத் தட்டி, ஒன்றில் முடிகிற மாதிரி வை, மொய்யே நாம் மொட்டையாக வைப்பதில்லை என்று சொல்லித்தான் நூற்றியொன்று வைக்கச் சொன்னார். ஒரே ஃபேக்டரியில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே நல்ல காரியத்துக்காக ஒரே எண்ணை எடுத்திருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் அதோடு விளங்கிவிட்டது. சாதாரண நாளில் ஸ்டேஷன்களுக்குச் சர்வர் பழகிய முகம், யாரிடமும் விசாரிக்காமல் நேராக அதனிடமே போகும். முகம் மாறும்போது மட்டும் "நூற்றியொன்று யாருப்பா?" என்று உரக்கக் கேட்கும். கேன்டீன் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை கேட்டால் சர்வர் மட்டும் பதில் சொல்லும். சாப்பாட்டு நேரத்தில் கேட்டால் கேன்டீன் மெஷினும் முந்திக்கொண்டு "நான்தான்" என்னும். பிரேக் பெடலின் இறுக்கமெல்லாம் சாம்பார் சாதத்தோடு போய்ச் சேர்ந்தது அப்படித்தான். ஆடிட்டும் சாப்பாட்டு நேரத்தில்தான் வரும். இதைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பில், கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு தட்டு சோறு கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன். சொன்னேனே, பயம் வந்தால் பசிக்கும்.

நம்பரை மாற்றித் தர ஒப்புக்கொண்டார், ஒன்றில் முடிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. நூற்றுப்பதினொன்று கேட்டார். பார்த்தேன், அதில் எடைமேடை உட்கார்ந்திருந்தது. நூற்று இருபத்தொன்றில் ஏசி. நூற்று ஐம்பத்தொன்றில் கேட் கேமரா. அப்படியானால் ஐநூற்றியொன்று போடு என்றார். எங்கள் நெட்வொர்க்கில் இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் எண்ணே கிடையாது என்றேன்.

"இன்னா சார், உங்க கம்பெனி இவ்ளோ ஏழையா கீது?"

கடைசியில் இருநூற்று நாற்பத்தொன்றில் அவரைக் குடியேற்றினேன். அதோடு நிம்மதியாகி இருக்கலாம். ஆனால் திரும்பி வரும்போது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இவர் ஒருவரை மாற்றியாகிவிட்டது. நாளைக்குத் தீயணைப்பு அலாரம் மாட்ட ஒருவன் வருவான். தண்ணீர் மீட்டர் மாட்ட ஒருவன் வருவான். எவனும் என்னைக் கேட்க மாட்டான். எவனைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது நூற்றியொன்றுதான். ஆடிட் அன்று காலையில்கூட வரலாம்.

நெட்வொர்க்கில் யார் யார் எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்று முழுவதையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் முடியும் இடங்களில் கால் வைக்க இடமில்லை. ஐந்தும் ஒன்பதும் நல்ல கூட்டம். எட்டில் முடியும் எண்கள் மட்டும் வரிசையாகக் காலி. மனை போட்டு விற்காத லேஅவுட் மாதிரி. இத்தனை வருஷத்தில், இத்தனை கம்பெனி ஆட்கள் வந்து போனதில், ஒருவன்கூட எட்டைத் தொடவில்லை.

யாரும் வராத இடம் அதுதான். நூற்று எண்பத்தெட்டை எடுத்தேன். இரண்டு எட்டு, கூட்டிப் பார்த்தாலும் எட்டு. ஒரு எண்ணில் எவ்வளவு சனி பகவானைத் திணிக்க முடியுமோ அவ்வளவும் அதில் இருந்தார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று டீக்கடையில் நாலு பேரிடம் வாதாடியிருக்கிறேன். அன்று அந்த எண்ணை அடிக்கும்போது என் ஆள்காட்டி விரல் எட்டின் மேல் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. நம்பிக்கை இல்லாதவனுக்கும் விரல் இருக்கிறதே.

மேனேஜரிடம் போனேன். நூற்றியொன்றுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்த கதையைச் சொன்னேன். அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான் என்பதை நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அறையில் பெரிதாகக் கேட்டது. மோதிரம் சுற்றியது.

"அப்ப நம்பர் மேல தப்பு இல்லப்பா. ராசியான நம்பர். அதனாலதான் எல்லாரும் கேக்குறான்."

ஆமாம் சார் என்றேன். பிறகு எட்டைப் பற்றிச் சொன்னேன். மோதிரம் நின்றுவிட்டது. நான் பார்த்து அது நின்றது அன்றுதான்.

"ஆடிட்ட வெச்சுக்கிட்டு சனியக் கூப்பிட்டு நடு ஹால்ல உக்கார வெக்கிறியா? கேன்டீன்காரன மாத்தியாச்சுல்ல. போதும்ல?"

"நாளைக்கு இன்னொருத்தன் நமக்குச் சொல்லாம வருவான் சார். எட்டுல எவனும் வர மாட்டான்."

"இதுல ஃபெயில் ஆச்சுன்னா?"

"பேப்பர் போட்டுடறேன் சார்."

அவர் என்னையே பார்த்தார். "அத நான் சொல்லல. நீயா சொன்ன" என்றார்.

வெளியே வந்து, நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இதுவரை ஃபெயிலானால் சர்வர் கெட்டது, நெட்வொர்க் கெட்டது என்று நாலு சாக்கு இருந்தது. இனி ஃபெயிலானால் எட்டு வைத்தவன் நான். என்ன கோளாறாக இருந்தாலும் அது எட்டின் கோளாறு, எட்டு என் கோளாறு.

அடுத்த ஞாயிறு ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய்ப் பழைய முகவரியை அழித்துப் புதியதைப் போட்டோம். சூப்பர்வைசர் எண்ணைப் பார்த்துச் சிரித்தார். தான் பிறந்ததே பதினேழாம் தேதி, ஊரில் ஜாதகம் பார்த்தவன் கணக்குப் போட்டு எட்டு என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான், பிழைத்துக் கிடக்கவில்லையா என்றார். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினேன்.

ஆடிட் நாள். வந்தவர் வயதானவர், மெதுவாகப் பேசுபவர், அதிகம் கேட்காதவர். அதிகம் கேட்காதவர்களிடம் எனக்குப் பயம் ஜாஸ்தி. சாப்பாட்டு மணி அடித்ததும் சர்வர் ரூமுக்கு வந்தார். பின்னால் மேனேஜர். லைனில் சூப்பர்வைசர் என் போன் இணைப்பில். நான் நெட்வொர்க் கேபிளைப் பிடிக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். தானே பிடுங்குவதாகச் சொன்னார். நெட்வொர்க் கேபிளை அல்ல, கரன்ட் வயரை.

நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் நெட்வொர்க் கேபிள். கரன்ட் வயரை ஒரு நாளும் பிடுங்கிப் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாது. நிஜத்தில் சர்வர் சாகும்போது என்னிடம் கேட்டுக்கொண்டா சாகும்? மேனேஜரின் கண்கள் என் முதுகில் நூற்று எண்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டிருந்தன.

அவர் வயரைப் பிடுங்கினார். முதல் சர்வரின் விசிறி இழுத்துக்கொண்டே போய் நின்றது.

"சொல்லுங்க" என்றேன் போனில்.

"ஒண்ணு பச்ச அண்ணாச்சி. ரெண்டு பச்ச. மூணு பச்ச..." அத்தோடு நின்றுவிட்டது.

"நாலு?"

கேன்டீன் பக்கத்திலிருந்து தட்டுகளின் சத்தம் மட்டும் போனில் வந்தது. மெஷின் "நன்றி, நன்றி" என்பதும் கேட்பது போலிருந்தது, அது என் மண்டைக்குள்ளாகவும் இருக்கலாம். ஆடிட்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் மகளின் ஸ்கூலை நினைத்தேன், இன்டர்வியூ பையனை நினைத்தேன்.

"நாலு என்னம்மா ஆச்சு?"

"பொறுங்க, ஒருத்தன் விளக்க மறைச்சுக்கிட்டு நிக்கான். ஏய், தள்ளு." ஒரு மூச்சு விடும் நேரம். "பச்சதான் அண்ணாச்சி. எல்லாம் பச்ச."

ஆடிட்டர் தலையாட்டினார். மறுபடி செருகச் சொல்லி, அடுத்ததைப் பிடுங்கி, அதையும் பார்த்தார். பிறகு கேன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரு மாதம் என்னை ஆட்டிவைத்த விஷயத்துக்கு அவர் கொடுத்த நேரம், சோறு ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். புது மாடல் பெடல் எங்களுக்குத்தான் என்று தகவல் வந்திருந்தது. பாராட்டுவார் என்று எதிர்பார்த்து முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஆடிட் முடிஞ்சுருச்சு. இனி பழைய நம்பருக்கே போயிடலாம்ல?"

"மாத்த மாட்டேன் சார்" என்றேன். அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

மோதிரம் சுற்றும் என்று காத்திருந்தேன். சுற்றவில்லை.

"அப்ப அத நீயே பாத்துக்க. வேற யாரையும் அது கிட்ட விடாத. என்னையும் கூப்பிடாத. பேப்பர் கீப்பர்னு எங்கயும் போயிடாத, புரியுதா?"

புரிந்தது. என் வேலை நிலைத்துவிட்டது. திறமைக்காகவா, அந்த எண்ணை எடுத்துக்கொள்ள இந்த ஃபேக்டரியில் வேறு ஆள் கிடைக்காததாலா என்று நான் ஆராயவில்லை. அன்றிரவு வீட்டில் ஒரு முறைதான் சோறு போட்டுக்கொண்டேன். உடம்புக்கு என்ன என்று மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை சர்வர் ரூமைத் திறந்தால், ரேக்கின் உச்சியில் ஒரு எலுமிச்சம்பழம். பாதியாக அறுத்து, குங்குமம் தடவி. அந்த அறைக்கு இரண்டே சாவி, ஒன்று என்னிடம், மற்றது அந்த மோதிரக் கையில். நான் எடுத்துப் போடப் போனேன், கை வரவில்லை. ஆனால் சாறு ஒரு சொட்டு உள்ளே இறங்கினால் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே படுப்பார்கள், சிம்மை எடுத்துக்கொள்ள ஆளிருக்காது. கேன்டீனுக்குப் போய் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டுக் கேட்டு வாங்கிவந்து, பழத்துக்கு அடியில் வைத்தேன்.